உணர்ச்சிகளும் உடல்நலமும்: சப்ரகமுவத் தோட்டங்கள்

அச்சம், துக்கம், கோபம், மகிழ்ச்சி முதலியவை மனத்தோடு நிற்பவை அல்ல. இரத்த அழுத்தம், தூக்கம், நோய் எதிர்ப்பாற்றல் ஆகியவற்றின் வழியே ஆயுளையும் அவை தொடுகின்றன. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலை, இறப்பர் தோட்டங்களை நம்பி வாழும் மலையகத் தமிழரிடம் இதை அவரவர் சுபாவம் என்று ஒதுக்கிவிட முடியாது. மழையும் மலைச்சரிவும் நாட்கூலியும் சேர்ந்தே அங்கே மனநிலையைத் தீர்மானிக்கின்றன.

ஆபத்தை உணர்ந்ததும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் சுரக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, இரத்தத்தில் சீனி ஏறுகிறது. ஆபத்து விலகினால் உடல் பழையபடி அடங்கிவிடும். விலகாமல் மாதக்கணக்கில் நீடிக்கும்போதுதான் இரத்தக் குழாய்கள் கெடுகின்றன, காயம் ஆறத் தாமதமாகிறது, பிரஷரும் சீனி வருத்தமும் கூடுகின்றன. இலங்கை உட்பட 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மன உளைச்சலை மாரடைப்பின் முக்கிய காரணிகளுள் ஒன்றாகக் கண்டது.

எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர் மலைகளில் பால்வெட்டு அதிகாலையில் தொடங்கும். பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்ட முடியாது. ஆகவே இரவு முழுவதும் மழை அடித்தால் லயத்துக் காம்பராவில் படுத்திருப்பவருக்கு இரண்டு யோசனை: நாளைக்குப் பேர், அதாவது நாட்கூலி, கிடைக்குமா? பின்னால் உள்ள மேடு இறங்கிவிடுமா? இரண்டாவது வீண் பயம் அல்ல. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயக் குடியிருப்பு மண்ணில் புதைந்தது.

பழைய காயங்களும் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதால் அண்ணன் இந்தியாவிலும் தங்கை இங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. 1977, 1981, 1983 வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்ட மக்கள் தாக்கப்பட்டனர். பலர் ஊரை விட்டே போனார்கள்.

காப்பது எது என்பதற்கும் சான்று இருக்கிறது. 148 ஆய்வுகளைத் தொகுத்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிர்வாழும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 வீதம் கூடுதலாக இருந்தது. தோட்டங்களில் அந்த உறவு உண்டு. சாவு வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் பக்கத்துக் காம்பராவிலிருந்து சோறும் தேத்தண்ணியும் வருகின்றன. ஒப்பாரி துக்கத்தை உள்ளே பூட்டி வைக்க விடாது. மாரியம்மன் திருவிழாவுக்குக் கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளும் திரும்புகிறார்கள். இந்தச் செல்வம் பெரியது. துக்கத்தைச் சாராயத்தில் கரைக்கும் வழக்கமோ இதயத்தையும் ஈரலையும் ஒருசேரக் கெடுக்கிறது.

“சிரித்தால் ஆயுள் கூடும்” என்று சரிவின் கீழ் குடியிருப்பவரிடம் சொல்வதில் நியாயமில்லை. பாதுகாப்பான காணியில் வீடு, மழை நாளிலும் உறுதியான வருமானம், தமிழில் பேசிக் கேட்கும் வைத்தியர், இவையும் இதய நோய்க்கு மருந்துதான்.

பிரஷர் கிளினிக்குக்குப் போகிறவர் தூக்கமின்மையையும் துக்கத்தையும் அங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். மனநல உதவிக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. நெஞ்சு அடைத்தால் யோசனையால் வந்தது என்று படுத்துவிடாதீர்கள். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் கட்டணமின்றி வரும்.