1942 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் இந்து சமுத்திரக் கடலாதிக்கமும்

தீவொன்றின் வரலாற்றை அதனைச் சூழ்ந்துள்ள கடலின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. கடலை ஆள்வோர் யாரோ, அவர்களே தீவின் விதியையும் பெருமளவுக்கு நிர்ணயித்துள்ளனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூவினத்தாரும் இலங்கைக்குக் கடல் வழியாகவே வந்தனர். ஒருவரை ஒருவர் வென்றதும் கடல் வலிமையினாலேயே. இவ்வகையில் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பின் மீதும், 9ஆம் திகதி திருகோணமலை மீதும் யப்பானியர் நடத்திய தாக்குதல்கள் தனிக்கவனத்துக்குரியன. எதிரி விரட்டியடிக்கப்பட்டான், இலங்கை காப்பாற்றப்பட்டது என்பதே இந்நிகழ்ச்சி பற்றிப் பலரிடையே நிலவும் கருத்தாகும். இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வது அவசியமாகும்.

இந்து சமுத்திரத்தில் பிரித்தானியர் பெற்ற மேலாண்மைக்குத் திருகோணமலை ஒரு திறவுகோலாக விளங்கியது. 1782 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் இத்துறைமுகத்துக்கு வெளியே பொருதினர். பாய்மரக் கப்பல்கள் அணிவகுத்து நின்று, பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்தில் ஒன்றையொன்று தாக்கின. 1795இல் திருகோணமலையும் 1796இல் கொழும்பும் ஆங்கிலேயர் வசமாயின. அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இக்கடற்பரப்பில் அவர்களை எதிர்த்து நிற்கத்தக்க கடற்படை எதுவும் தோன்றவில்லை.

இந்த நிலைமை 1941 டிசம்பரில் ஆட்டங்காணத் தொடங்கியது. டிசம்பர் 7ஆம் திகதி பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. மூன்று நாட்களின் பின், மலாயாவின் கிழக்குக் கரைக்கு அப்பால், 'பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ்', 'றிப்பல்ஸ்' என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களும் விமானத் தாக்குதலினால் மூழ்கடிக்கப்பட்டன. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச் 8இல் இரங்கூனும் வீழ்ந்தன. மார்ச் 23இல் அந்தமான் தீவுகள் கைப்பற்றப்பட்டன. மலாயாவை இழந்த நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பரின் முக்கிய ஊற்றாக எஞ்சியது இலங்கையே. மேலும், எகிப்து, பாரசீகம், இந்தியா ஆகிய மூன்றுக்கும் செல்லும் கடற்பாதைகளை இங்கிருந்தே கண்காணிக்க முடிந்தது. எனவே யப்பானியரின் அடுத்த இலக்கு இலங்கையாக அமைந்ததில் வியப்பில்லை.

மார்ச் 26ஆம் திகதி அட்மிரல் நகுமோவின் தலைமையில் 'அக்காகி', 'ஹிர்யு', 'சோர்யு', 'சொக்காக்கு', 'சுய்காக்கு' என்னும் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் செலிபஸ் தீவிலிருந்து புறப்பட்டன. இவை ஐந்தும் பேர்ள் துறைமுகத் தாக்குதலில் பங்குகொண்டவை. இவற்றை எதிர்கொள்ள வேண்டியிருந்த அட்மிரல் சோமர்வில்லின் கீழைக் கடற்படையில் ஐந்து போர்க்கப்பல்கள் இருந்தனவெனினும், அவற்றுள் நான்கு காலங்கடந்தனவும் வேகங்குறைந்தனவுமாகும். விமானந்தாங்கிகள் மூன்றே. எதிரியை ஏப்ரல் முதலாந் திகதியளவில் எதிர்பார்த்துக் கடலில் காத்திருந்த சோமர்வில், எவரையும் காணாமையால் மாலைதீவின் தென்கோடியில் இரகசியமாக அமைக்கப்பட்டிருந்த அத்துத் தளத்துக்கு எரிபொருள் பெறத் திரும்பினார். கொக்கலையிலிருந்து கற்றலினா விமானத்தில் வேவுபார்க்கச் சென்ற கனேடிய விமானப்படை அதிகாரி லெனாட் பேர்ச்சோல் ஏப்ரல் 4ஆம் திகதி மாலை எதிரிக் கப்பல்களைக் கண்டது அதன் பின்னரே. செய்தியை அனுப்பும்போதே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பிடிக்கப்பட்டார்.

கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பல அன்றிரவே வெளியேற்றப்பட்டமை இச்செய்தியின் பயனாகும். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலை ஏழரை மணியளவில் நூற்றிருபதுக்கு மேற்பட்ட யப்பானிய விமானங்கள் நகரின் மீது தோன்றின. முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும், எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வந்தபின்னரே இரத்மலானையிலிருந்து போர்விமானங்கள் பல மேலெழ நேரிட்டது. துறைமுகத்தில் 'ரெனெடோஸ்' என்னும் நாசகாரிக் கப்பலும் 'ஹெக்டர்' என்னும் ஆயுதந் தாங்கிய வணிகக் கப்பலும் அழிந்தன. மேலெழுந்த நாற்பது வரையான பிரித்தானியப் போர்விமானங்களில் ஏறத்தாழப் பாதி இழக்கப்பட்டது. அக்காலச் செய்திகள் எதிரியின் இழப்பை இருபதுக்கும் மேலாகக் காட்டியபோதிலும், யப்பானியர் இழந்தவை ஏழு விமானங்களேயாகும். துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பகுதிகளில் வாழ்ந்த உழைக்கும் மக்களுக்கு யுத்தம் அதுவரை பத்திரிகைச் செய்தி. அன்று அது தலைக்கு மேல் வந்தது. தாக்குதலையடுத்துத் துறைமுகத் தொழிலாளர் பலர் நகரைவிட்டு நீங்கியமையால் ஏற்றியிறக்கும் வேலைகள் பாதிப்புற்றன.

எனினும், உண்மையான கடற்சமர் நகரவாசிகளின் கண்ணுக்கெட்டாத தொலைவிலேயே நிகழ்ந்தது. முதல்நாளிரவு கொழும்பைவிட்டு நீங்கிய 'டோர்செற்ஷயர்', 'கோர்ண்வோல்' என்னும் இரு பாரக் குறூசர்களும் அன்று பிற்பகல் சுமார் இருபது நிமிடங்களுக்குள் மூழ்கின. 424 பேர் உயிரிழந்தனர். ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் தாக்கப்பட்டன. அதே நாள், மட்டக்களப்புக்கு அப்பால், விமானம் ஒன்றேனும் இல்லாத நிலையில் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் மாண்டனர். இதற்கிடையில் வங்காள விரிகுடாவில் அட்மிரல் ஒசாவாவின் படைப்பிரிவு 23 வணிகக் கப்பல்களை அழித்தது. விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்குள்ளாயின.

இந்நிகழ்ச்சிகளை 1782ஆம் ஆண்டுச் சமருடன் ஒப்பிட்டு நோக்கின் கடலாதிக்கத்தின் இயல்பு எவ்வாறு மாறியது என்பது புலனாகும். அன்று கப்பலைக் கப்பல் கண்டது. 1942இலோ இரு பெருங் கடற்படைகளும் ஒன்றையொன்று கண்ணால் காணவேயில்லை. பெரிய பீரங்கியும் தடித்த கவசமும் கொண்ட போர்க்கப்பலே கடலின் அரசன் என்ற கொள்கை, மலாயாக் கரையில் பெற்ற அடியை இலங்கைக் கடலில் மீண்டும் பெற்றது. கடலின் மேலுள்ள வானத்தை ஆளாதவன் கடலை ஆளமுடியாது என்பதே இச்சமர் உணர்த்திய பாடமாகும். இதனை உணர்ந்தமையாலேயே சோமர்வில் தம் பழைய போர்க்கப்பல்களைக் கிழக்காபிரிக்காவின் கிலிண்டினிக்கு அனுப்பினார். அது கோழைத்தனமன்று, கடற்படையை அழியாது காத்த விவேகம். ஆயினும், பாதுகாவலன் பின்வாங்கியபின் தீவு காவலின்றி நின்றது என்பதும் மறுக்க முடியாத உண்மையாகும்.

அவ்வாறாயின் யப்பானியர் மீண்டும் வராதது ஏன்? அவர்கள் பசிபிக் சமுத்திரத்தையே முதன்மையாகக் கருதியமை ஒரு காரணம். மே மாதத்தில் பவளக் கடற் சமரில் 'சொக்காக்கு' சேதமுற்றது. 'சுய்காக்கு' தன் விமானிகள் பலரை இழந்தது. ஜூன் 4ஆம் திகதி தொடங்கிய மிட்வே சமரில் யப்பான் நான்கு விமானந்தாங்கிகளைப் பறிகொடுத்தது. 'அக்காகி', 'சோர்யு', 'ஹிர்யு' என, கொழும்பைத் தாக்கிய ஐந்தில் மூன்று அங்கே மூழ்கின. ஆகவே, இலங்கையின் கதி கொழும்பு வானில் அன்றி, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் பசிபிக் சமுத்திரத்திலேயே தீர்மானிக்கப்பட்டது எனலாம். பேர்ச்சோலின் தீரமும் விமானிகளின் தியாகமும் போற்றத்தக்கனவே. ஆயின் அவை இழப்பைக் குறைத்தனவேயன்றி வெற்றியைத் தரவில்லை. 1944இல் திருகோணமலையிலிருந்து சுமாத்திராவின் சபாங் தாக்கப்பட்டபோதுகூட, பிரித்தானிய விமானந்தாங்கியின் பக்கத்தில் 'சரட்டோகா' என்னும் அமெரிக்க விமானந்தாங்கியும் சென்றது. தனித்து நின்ற பிரித்தானிய மேலாண்மை முடிவெய்திவிட்டது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கடலாதிக்கம் என்பது தளபதிகளுக்கு மட்டும் உரிய விடயமன்று. இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. இரங்கூன் வீழ்ந்து, வங்காள விரிகுடாவும் அடைபட்டபோது, அரிசி பங்கீட்டு முறைக்குட்பட்டது. கோதுமை மாவும் பாணும் சாதாரண மக்களின் உணவில் நிலைபெற இக்காலமே பெரிதும் வழிவகுத்தது. அரசியலிலும் இதன் தாக்கம் தொடர்ந்தது. சுதந்திரத்துக்கு முன்னோடியாக 1947 நவம்பரில் கைச்சாத்தான பாதுகாப்பு ஒப்பந்தம் பிரித்தானியப் படைகள் இங்கு தளங்களை வைத்திருக்க இடமளித்தது. தளங்கள் இலங்கையிடம் மீண்டது 1957இலேயாகும். 1942இல் இத்தீவின் பெறுமதியை உணர்ந்தவர்கள் அதனை எளிதில் கைவிட விரும்பவில்லை.

'ஹேர்மிஸ்' கப்பலின் சிதைவு இன்றும் மட்டக்களப்புக் கடலின் அடியில் கிடக்கின்றது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதற் கப்பல் அதுவாகும். புதிய யுகத்தின் கருவியாகப் பிறந்த அக்கப்பல், விமானமின்றிக் கடலுக்குச் சென்று அந்த யுகத்துக்கே பலியானது. வல்லரசுகளின் கப்பல்கள் இக்கடலில் வருவதும் போவதும் இன்னும் ஓயவில்லை. ஒருவரின் காவலை நம்பி வாழும் தீவு, அக்காவலரின் தோல்வியையும் தன் தோல்வியாகச் சுமக்க நேரிடும் என்பதை 1942 ஏப்ரல் மாதத்தின் அந்த ஐந்து நாட்கள் நமக்கு உணர்த்துகின்றன.