அரண்மனை ஏலத்துக்கு வந்தது!

"ஒரு தரம்... இரண்டு தரம்... மூன்று தரம்!"

இந்தக் குரலை நாம் அறிவோம். கடன் தீர்க்க வழியற்ற உழவன் வீட்டு வாயிலிலே ஒலித்த குரல் இது. அண்டாவும் குண்டாவும், அடுக்களைப் பித்தளையும், அன்னை பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த குத்துவிளக்கும் தெருவிலே பரப்பப்பட்டு, ஊரார் முன்னே விலை கூறப்பட்டபோது, அந்தக் குடும்பத்தின் மானமுமன்றோ சேர்ந்து விலை கூறப்பட்டது! ஏலம் என்பது ஏழைக்கு வருவது, எளியோன் வாசலிலே நிற்பது என்றே எண்ணிப் பழகியது உலகம்.

ஆனால் ஏலக்காரன் ஒருமுறை மன்னன் மாளிகைக்குள்ளும் நுழைந்தான். பேரரசர்கள் அண்ணாந்து பார்த்துப் பொறாமைப்பட்ட மாளிகை அது. பிரெஞ்சு நாட்டு வெர்சேல்ஸ் அரண்மனை! 1793-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் தொடங்கிய அந்த ஏலம் 1794 ஆகஸ்டு 11-ஆம் நாள்வரை நீடித்தது. விலை கூறப்பட்ட தொகுதிகள் 17,182! மேசை, நாற்காலி, கட்டில், கண்ணாடி, கடிகாரம், திரைச்சீலை, பீங்கான், சமையற்கட்டுச் செம்பு என எல்லா வகைப் பொருளும் அதிலே இருந்தன. ஆகஸ்டு 25 புனித லூயியின் திருநாள். லூயி மன்னர்களின் பெயர்நாள். முடிசூடியவர்கள் வாழ்த்துப் பெற்று வந்த அதே நாளில், அவர்கள் சாய்ந்து அமர்ந்த நாற்காலி சந்தைக்கு வந்தது. ஏலம் நடந்துகொண்டிருந்தபோதே, அக்டோபர் 16-ஆம் நாள், அரசி மேரி அன்டாய்னெட் கொலைக்களம் சென்றாள். அவளைப் பார்த்த நிலைக்கண்ணாடிகள் புதிய முகங்களைத் தேடிப் புறப்பட்டன.

பிரெஞ்சுப் புரட்சியைப் பள்ளியிலே பாடமாக நடத்துகிறோம். பாஸ்டில் சிறை வீழ்ந்ததைச் சொல்கிறோம். மன்னன் தலை உருண்டதைச் சொல்கிறோம். மாணவர் வாய்பிளந்து கேட்கின்றனர். ஆனால் மன்னன் அமர்ந்த நாற்காலி என்னவாயிற்று என்று எந்தப் பாடநூலும் கேட்பதில்லை. அந்த மரச்சாமான்களின் கதையைச் சற்றே பின்தொடர்வோம், தோழர்களே! மாளிகையின் கதையைவிட, மாளிகையை உண்டாக்கியவர்களின் கதை அதிலே கிடைக்கும்.

வெர்சேல்ஸ் ஏன் ஏலத்துக்கு வந்தது? 1789 அக்டோபர் 6-ஆம் நாள் மன்னர் குடும்பம் அரண்மனையை விட்டுப் பாரிசுக்கு அழைத்துச் செல்லப்பட்டது. 1792 செப்டம்பரில் முடியாட்சி ஒழிந்தது. 1793 ஜனவரி 21-ஆம் நாள் பதினாறாம் லூயி மாண்டான். ஆஸ்திரியா, பிரஷ்யா, பிரிட்டன், ஸ்பெயின் ஆகியவற்றோடு போர் மூண்டிருந்தது. இளம் குடியரசுக்குப் படை வேண்டும். படைக்குப் பணம் வேண்டும். 1793 ஜூன் 10-ஆம் நாள் விற்பனை ஆணை பிறந்தது.

அரண்மனைச் சாமானை அழித்துப் போர் நடத்துவது புரட்சிக்காரர் கண்டுபிடித்த வழியன்று. "கதிரவ மன்னன்" என்று தன்னைப் போற்றச் செய்த பதினான்காம் லூயி, இதே வெர்சேல்சில் வெள்ளியாலேயே மேசையும் விளக்குத் தண்டும் செய்து வைத்திருந்தான். 1689-இல் போர்ச்செலவு நெருக்கியபோது அவ்வளவையும் உருக்கி நாணயமாக்கினான். மன்னன் உருக்கினால் அரசியல் நுட்பம். மக்கள் விற்றால் காட்டுமிராண்டித்தனம்! வரலாற்று ஆசிரியர் சிலரின் தராசு இப்படித்தான் சாய்கிறது.

அதற்காகப் புரட்சி செய்தது அனைத்தும் சரி என்று நாம் வாதாட வரவில்லை. பகுத்தறிவு பகைவனை மட்டும் கேள்வி கேட்பதன்று, நண்பனையும் கேட்பது. ஆகவே ஒரே மாதத்தின் மூன்று நாட்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1793 ஆகஸ்டு 10: லூவர் அரண்மனை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மன்னர்கள் மறைத்து வைத்திருந்த ஓவியங்கள் மக்கள் உடைமை என அறிவிக்கப்பட்டன. ஆகஸ்டு 23: நாட்டின் இளைஞரையெல்லாம் போருக்கு அழைக்கும் பெரும்படை திரட்டல் ஆணை வந்தது. ஆகஸ்டு 25: வெர்சேல்சில் ஏலம் தொடங்கியது.

ஓவியம் மக்களுக்கு, மேசை ஏலத்துக்கு! ஏன் இந்த வேறுபாடு?

பணத்தேவை ஒரு காரணம். ஆடம்பரத்தின் மீதிருந்த வெறுப்பு மற்றொன்று. இவற்றுக்கு அடியிலே, புரட்சிக்காரர் நெஞ்சிலும் ஒட்டிக்கொண்டிருந்த பழைய நினைப்பு ஒன்று உண்டு. தூரிகை பிடிப்பவன் கலைஞன், உளி பிடிப்பவன் வெறும் தொழிலாளி! சுவரிலே தொங்குவது உயர்ந்த கலை, தரையிலே நிற்பது தட்டுமுட்டுச் சாமான்! மன்னனை இறக்கிவிட்டவர்கள், கைத்தொழிலின் தலையிலே மன்னர் காலம் சுமத்திய தாழ்வை இறக்கி வைக்க மறந்தனர். பிறப்பின் பேரால் மேல் கீழ் வகுத்தாரை எதிர்த்தவர்களே, தொழிலின் பேரால் மேல் கீழ் வகுத்ததை எதிர்க்கவில்லை. உழைக்கும் கையைத் தாழ்ந்த கை என்று சொல்லும் ஊரிலே பிறந்த நமக்கு இந்த மறதி விளங்காமல் போகுமா?

அந்த மறதிக்கு இரையானவர்களிலே ஒருவர் ழான் ஹென்றி ரீசனர். 1734-இல் ஜெர்மன் நாட்டுக் கிளாட்பெக்கிலே பிறந்தவர். பாரிசுக்கு வந்து ஓபென் என்ற தலைசிறந்த தச்சரின் பட்டறையிலே சேர்ந்தார். பதினைந்தாம் லூயிக்காக, உருண்டு மூடும் மரக்கதவுடன் எழுதுமேசை ஒன்றை 1760-இல் செய்யத் தொடங்கினார் ஓபென். 1763-இல் அவர் இறக்கவே, ரீசனர் அதனை 1769-இல் முடித்தார். ஒரு மேசைக்கு ஒன்பது ஆண்டு உழைப்பு! பல நிற மரச் சீவல்களைப் பூவாகவும் இலையாகவும் நறுக்கிப் பதித்து, பொன்முலாம் பூசிய வெண்கலத்தைப் பொருத்தி உருவாக்கிய அந்த மேசை இன்றும் வெர்சேல்சில் நிற்கிறது. 1774-இல் ரீசனர் அரசுத் தச்சரானார். மேரி அன்டாய்னெட்டின் அறைகளிலே அவர் கைவண்ணம் நிறைந்தது.

புரட்சி வந்தது. 1794-இல் அவரையே வெர்சேல்சுக்கு அனுப்பினார்கள். எதற்கு? அவர் செய்த பொருள்களிலிருந்த அரசச் சின்னங்களை அவர் கையாலேயே பெயர்த்தெடுக்க! பெயர்த்தார். மறுபுறம், தாம் செய்த பொருள்கள் அடிமாட்டு விலைக்குப் போவதைக் கண்டு பொறுக்கமாட்டாமல், ஏலத்திலே தம் கைப்பொருளைக் கொட்டி அவற்றை வாங்கினார். காலம் மாறும், நல்ல விலை வரும் என்று நம்பினார். காலம் மாறியது, சுவையும் மாறிவிட்டது. வாங்குவாரில்லை. 1806-இல் வறுமைக்கு அருகிலேயே அவர் வாழ்வு முடிந்தது. மன்னன் வீழ்ச்சிக்காகக் கண்ணீர் வடிப்போர் பலருண்டு. தான் பெற்ற பிள்ளைகளைத் தானே விலைகொடுத்து மீட்க முயன்ற இந்தத் தச்சனுக்காக எத்தனை பேர் வடித்தனர்?

ரீசனரின் பெயராவது நமக்குத் தெரிகிறது. அதற்கும் காரணம் உண்டு. பாரிசுத் தச்சர் சங்கம் 1743-இல் ஒரு விதி வகுத்தது. 1751 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பட்டறைத் தலைவன் ஒவ்வொருவனும் தான் செய்த பொருளிலே தன் பெயர் முத்திரையைப் பதிக்க வேண்டும் என்பது விதி. முத்திரை பட்டறைத் தலைவனுக்கு மட்டுமே. அறுத்தவனுக்கு இல்லை, இழைத்தவனுக்கு இல்லை, செதுக்கிய கூலித்தச்சனுக்கு இல்லை. பொன்முலாம் பூசியவனுக்கோ முத்திரையும் இல்லை, நல்ல மூச்சும் இல்லை! பொன்னைப் பாதரசத்திலே கரைத்து, வெண்கலத்தின் மேல் பூசி, நெருப்பிலே காட்டுவர். பாதரசம் ஆவியாகப் பறக்கும். பொன் படிந்து நிற்கும். பறந்த ஆவி தொழிலாளியின் நெஞ்சுக்குள் புகும். கை நடுங்கும், உடல் குலையும், வாழ்நாள் குறையும். வெண்கல வேலையிலே புகழ்பெற்ற ராவ்ரியோ என்பவர், 1814-இல் இறந்தபோது, இந்த நஞ்சிலிருந்து தொழிலாளரைக் காக்க வழி காண்பவருக்கு 3,000 பிராங்கு பரிசு தரும்படி எழுதிவைத்தார். புகையை வெளியேற்றும் உலையை அமைத்த தார்செ என்ற வேதியியல் அறிஞர் 1818-இல் அதனைப் பெற்றார். அரண்மனை மினுமினுத்தது, மினுமினுக்கச் செய்தவன் நடுநடுங்கினான்!

அதே புரட்சி 1791-இல் பழைய தொழிற்சங்கக் கட்டுகளை அறுத்தது. நன்று! ஆனால் அந்த ஆண்டு ஜூன் மாதத்திலேயே, லெ ஷாப்பலியே சட்டத்தின் வழியாக, கூலித்தொழிலாளர் ஒன்றுகூடுவதையும் தடுத்துவிட்டது. வேலைநிறுத்தம் குற்றமல்ல என்றாக 1864 வரையிலும், தொழிற்சங்கம் முழு உரிமை பெற 1884 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது. ஏலத்திலே மன்னனின் நாற்காலி கைமாறியது. தொழிலாளியின் நிலை மாறவில்லை!

கைமாறிய நாற்காலி எங்கே போயிற்று? வணிகர் வழியாகக் கடல் கடந்தது. ஆங்கிலச் சீமான்கள் அள்ளிக்கொண்டனர். அவர்களிலே ஒருவர் ஸ்காத்லாந்தின் பத்தாம் ஹாமில்டன் கோமகன். 1810-இல் அவர் மணந்த மங்கை, வில்லியம் பெக்ஃபோர்டு என்ற பெருஞ்செல்வரின் மகள். பெக்ஃபோர்டின் செல்வம் ஜமைக்காக் கரும்புத் தோட்டத்திலே விளைந்தது. விளைவித்தவர்கள் சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள். அந்தப் பணத்திலே சேர்ந்த கலைப்பொருள்களும் மருமகன் மாளிகைக்கு வந்தன. ஹாமில்டன் குடும்பத்தின் சொந்தச் செல்வமோ நிலக்கரியிலே தழைத்தது. பெண்டிரும் பத்து வயது நிரம்பாத சிறுவரும் நிலத்தடியிலே வேலை செய்யலாகாது என்று பிரிட்டனில் சட்டம் வந்ததே 1842-இல்தான்!

தாத்தா சேர்த்தார், பேரன் விற்றார். 1882 ஜூன் 17-ஆம் நாள் தொடங்கி இலண்டன் கிறிஸ்டி ஏலக்கூடத்திலே ஹாமில்டன் மாளிகைப் பொருள்கள் விலை கூறப்பட்டன. 2,213 தொகுதிகள், 3,97,562 பவுன் வரவு. மேரி அன்டாய்னெட்டுக்காக 1783-இல் கருங்காலியிலும் ஜப்பானிய அரக்குப் பலகையிலும் ரீசனர் செய்த எழுதுமேசையும் இழுப்பறைப் பெட்டியும் அந்த ஏலத்திலே விலைபோயின. அமெரிக்க இரயில்வே முதலாளிக் குடும்பத்து வாண்டர்பில்ட் அவற்றை அடைந்தார். 1920-இல் அவர் உயிலின்படி நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் சேர்ந்தன. மன்னனிடமிருந்து வணிகனுக்கு, வணிகனிடமிருந்து கோமகனுக்கு, கோமகனிடமிருந்து முதலாளிக்கு! ஹாமில்டன் மாளிகை என்னவாயிற்று? அதற்குச் செல்வம் சேர்த்த நிலக்கரிச் சுரங்கமே அடித்தளத்தைப் பறித்தது. நிலம் இறங்கவே, 1920-களில் மாளிகையை இடித்தார்கள்.

இந்தப் பொருள்களுக்கான மரம் எங்கிருந்து வந்தது? மகாகனி, ஜமைக்கா, ஹாண்டுராஸ் காடுகளிலே அடிமைகள் வெட்டி வீழ்த்தியது. கருங்காலி, இலங்கையிலும் மொரீஷியசிலும் வெட்டி ஏற்றியது. உயர்வகைத் தச்சனைப் பிரெஞ்சு மொழி "எபெனிஸ்த்" என்று அழைப்பதே கருங்காலியின் பெயரை வைத்துத்தான். சீனத்துக் கைவினைஞர் அரக்கிலே செதுக்கிய மடிப்புத் தட்டிகள் ஐரோப்பிய மாளிகைகளை அழகுபடுத்தின. அவற்றுக்கு அங்கே வழங்கிய பெயர் என்ன தெரியுமா? "கோரமண்டல் தட்டி"! நம் சோழமண்டலக் கடற்கரைத் துறைகளின் வழியே கப்பலேறியதால் வந்த பெயர். செய்தவன் சீனன், பெயர் இடைவழித் துறைமுகத்துக்கு, பெருமை வாங்கிய சீமானுக்கு!

இன்று இவற்றின் விலை என்ன? 1726 முதல் 1732 வரை இத்தாலியின் பிளாரன்சு நகரத்தில், ஏறத்தாழ முப்பது கைவினைஞர் ஆறு ஆண்டு உழைத்து, ஆங்கிலக் கோமகன் ஒருவருக்காகக் கருங்காலியிலே வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த "பாட்மின்டன் பேழை" 2004-இல் கிறிஸ்டி ஏலத்திலே 1 கோடியே 90 இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோனது. அதுவரை எந்த மரச்சாமானும் ஏலத்தில் எட்டாத விலை! வாங்கியவர் லீக்டன்ஸ்டைன் நாட்டு இளவரசர். அந்தப் பேழையின் பெயரிலே கோமகனின் மாளிகை இருக்கிறது. முப்பது பேரில் ஒருவர் பெயரும் அதிலே இல்லை.

விலை உழைப்புக்கா, அரச நினைவுக்கா? இதற்கு விடை சொல்ல ஒரு மோசடியே முன்வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு அரச மாளிகை நாற்காலிகள் என்று நம்பி வெர்சேல்ஸ் அரண்மனையே வாங்கியிருந்த சில நாற்காலிகள் போலி என்று 2016-இல் அம்பலமாயிற்று. துறைபோகக் கற்ற வல்லுநர் ஒருவரும் பாரிசு மரச்சிற்பி ஒருவரும் சேர்ந்து செய்த வேலை. 2025-இல் நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது. தண்டித்தது சரியே, பொய் பொய்தான். ஆனாலும் எண்ணிப் பாருங்கள். உண்மை வெளியான மறுநாள் அந்த நாற்காலியின் மரம் மாறவில்லை, செதுக்கு மாறவில்லை, சாய்ந்தால் முதுகுக்குத் தரும் சுகமும் மாறவில்லை. மறைந்தது ஒன்றே. "இதிலே அரச குலத்தார் அமர்ந்தார்" என்ற நம்பிக்கை! விலையின் பெரும்பகுதி அந்த நம்பிக்கையிலேதான் இருந்தது. திருத்தலத்து எலும்புத் துண்டுக்கும் திருநீற்றுப் பொட்டலத்துக்கும் ஏறும் மதிப்பு எந்த வகையோ, இதுவும் அந்த வகையே. மாளிகைகளிலும் மூடநம்பிக்கை உண்டு, தோழர்களே. அங்கே அது விலைப்பட்டியலோடு வருகிறது!

ஆகவே அரண்மனைப் பொருள்களை நாம் உடைக்க வேண்டுமா? வேண்டாம். உடைத்தால் உடைவது மன்னனின் பெருமையன்று, தச்சனின் உழைப்பு. வணங்க வேண்டுமா? அதுவும் வேண்டாம். வணங்கினால் வாழ்த்துப் பெறுபவன் செய்தவனல்லன், அமர்ந்தவன். அவை ஏலக்கூடத்திலிருந்து ஏலக்கூடத்துக்கு அலையாமல், எவரும் காணும் பொதுமண்டபத்திலே நிற்கட்டும். பக்கத்திலே வைக்கும் பெயர்ப்பலகையிலே அரசன் பெயர் சிறிதாக இருக்கட்டும். மரம் வெட்டியவன், இழைத்தவன், செதுக்கியவன், பாதரசப் புகை குடித்தவன் ஆகியோரைப் பற்றிப் பெரிதாக எழுதட்டும்.

வகுப்பிலே இந்தக் கதையை நாம் சொன்னபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ஐயா, நாங்கள் உட்காரும் இந்தப் பெஞ்சைச் செய்தது யார்?"

நமக்குத் தெரியவில்லை. நூல்களிலே தேடினால் கிடைக்கும் விடையும் அன்று அது. மறுநாள் விசாரித்தோம், ஊர்க்கோடியிலே பட்டறை வைத்திருக்கும் முதிய தச்சர் என்று தெரிந்தது. அடுத்த வாரம் அவரைப் பள்ளிக்கு அழைத்திருக்கிறோம். ஆசிரியர் நாற்காலியிலே அமர்ந்து, தம் தொழிலைப் பற்றி மாணவருக்கு அவர் பேசுவார். அந்த நாற்காலியும் அவர் செய்ததுதான்!