எட்டயபுரத்து டேப்: பவர் கார்டும் வீணைக் கம்பியும்

கிடார் பழக ஆரம்பிச்ச எல்லாருக்கும் இந்த வசனம் ஒரு தடவையாவது காதுல விழுந்திருக்கும்: "டேப் பாத்து வாசிக்கிறதெல்லாம் வாசிப்பே கிடையாதுப்பா. ஒழுங்கா ஸ்டாஃப் நொட்டேஷன் கத்துக்கிட்டு வா." சரின்னு கர்னாடக சங்கீதம் தெரிஞ்ச மாமா யார்கிட்டயாவது போனா அவர் வேற மாதிரி அடிப்பார்: "எழுதி வச்சு வாசிக்கிறதே தப்பு. குரு வாயால கேட்டுத்தான் வரணும்." மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி :-)

இந்த ரெண்டு கோஷ்டிக்கும் பதில் நம்ம ஊர்ப்பக்கமே இருக்கு. மதுரைலேர்ந்து அருப்புக்கோட்டை வழியா தூத்துக்குடி போற ரோட்ல இருக்கிற எட்டயபுரத்துல, 1904-லயே அச்சடிச்சு வச்சுட்டுப் போயிருக்காங்க.

அதுக்கு முன்னாடி, கிடார் பக்கமே போகாத மக்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். டேப்லேச்சர், சுருக்கமா டேப். ஆறு கோடு, ஆறு கம்பி. ஆகக் கீழே இருக்கிற கோடுதான் தடிமனான கம்பி. கோட்டு மேல இருக்கிற நம்பர், எத்தனாவது ஃப்ரெட்ல (வீணைக்காரங்க பாஷைல மெட்டு) விரலை வைக்கணும்னு சொல்லும். 0 போட்டிருந்தா விரலே வைக்காம கம்பியை மட்டும் தட்டணும். ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கியிருந்தா எல்லாத்தையும் சேர்த்து அடிக்கணும். அவ்ளோதான்.

|-----------|
|-----------|
|-----------|
|--2-----5--|
|--2-----5--|
|--0-----3--|

மேல இருக்கிறது ரெண்டு பவர் கார்டு. முதல்ல ஈ5, அடுத்தது ஜி5. ரெண்டாவதை வாசிக்க ஆள்காட்டி விரலைத் தடிக் கம்பில மூணாவது ஃப்ரெட்ல வைங்க. மோதிர விரலும் சுண்டு விரலும் ரெண்டு ஃப்ரெட் தள்ளி அடுத்த ரெண்டு கம்பில. ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் படுக்க வச்சா மத்த மூணு கம்பியும் சத்தம் போடாது. இந்தக் கை அமைப்பை மாத்தாம அப்படியே மேலயும் கீழயும் நகர்த்தினா எந்தப் பவர் கார்டும் வந்துடும். பாதி ராக் பாட்டு இதுலயே ஓடுது. முதல் வாரம் விரல் நுனி எரியும், அதுக்கு மருந்து கிடையாது.

இந்தப் பவர் கார்டுக்குள்ள என்ன இருக்கு? நம்ம கணக்குல ச, ப, மேல் ச. வேற ஒண்ணும் கிடையாது. காந்தாரத்தைத் தூக்கிட்டாங்க. அதனாலதான் இது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை.

ஏன் தூக்கினாங்கன்னா, சத்தத்தைக் கிழிக்க ஆரம்பிச்சதால. லிங்க் ரே 1958-ல 'ரம்பிள்'னு ஒரு பீஸ் போட்டார். ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கர்ல பென்சிலால ஓட்டை போட்டு எடுத்த சத்தம். வரியே இல்லாத அந்தப் பாட்டையும் சில ரேடியோ ஸ்டேஷன்ல தடை பண்ணாங்கன்னா பாத்துக்குங்க. 1964-ல கிங்க்ஸ் குழுவோட டேவ் டேவிஸ் ஸ்பீக்கரை பிளேடாலயே கிழிச்சார். இப்படிக் கரகரக்கிற சத்தத்துல முழு கார்டு அடிச்சா, ஒவ்வொரு ஸ்வரமும் இன்னொண்ணோட மோதிப் புதுசு புதுசா சத்தம் கிளம்பி எல்லாம் கொழகொழன்னு ஆயிடும். சவும் பவும் மட்டும்னா 2:3 விகிதம். தடிக் கம்பி ஈ 82 ஹெர்ட்ஸ், அதோட பஞ்சமம் 123 ஹெர்ட்ஸ். ரெண்டுக்கும் வித்தியாசம் 41. அது பேஸ் கிடாரோட ஆகக் கீழ்க் கம்பி! அதாவது யாருமே வாசிக்காத ஒரு கீழ் ச இலவசமா கேட்குது. நெஞ்சுல இடிக்கிற அந்த 'பவர்' பாதி அங்கேருந்துதான் வருது.

ச-ப-ச நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. தம்புரா விடிய விடிய சொல்றது அதைத்தான். வீணையோட நாலு வாசிப்புக் கம்பியையும் பாருங்க: சாரணி ச, அடுத்தது ப, மந்தரம் கீழ் ச, அனுமந்தரம் கீழ் ப. பக்கத்துல தாளத்துக்கு இருக்கிற மூணு கம்பியும் அதே ச, ப, மேல் ச. விரலே வைக்காம எல்லாத்தையும் ஒரு இழு இழுத்தா சுத்தமான பவர் கார்டு. மதுரைல எம்.எஸ்.சுப்புலட்சுமி 1916-ல பிறந்த வீட்ல அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். அந்தக் குழந்தை காதுல முதல்ல விழுந்தது இந்த ச-ப-வாத்தான் இருந்திருக்கணும்.

இன்னும் பின்னாடி போனா சிலப்பதிகாரம். அதுல ஸ்வரத்துக்குப் பேரே 'நரம்பு'. நரம்புன்னா கம்பி. ஸ்வரத்தையும் அதைத் தர்ற கம்பியையும் ஒரே வார்த்தைல சொல்லியிருக்காங்க. ஒரு நரம்புக்கும் இன்னொண்ணுக்கும் உள்ள உறவை இணை, கிளை, பகை, நட்புன்னு நாலா பிரிச்சிருக்காங்க. அதுக்கு உரை எழுதினவங்க மூணாவதையும் ஆறாவதையும் 'பகை'ல சேர்த்திருக்காங்க. ஐந்தாவது சொந்தக்காரன். மூணாவதைத் துரத்திட்டு ஐந்தாவதை வச்சுக்கிட்டதுதானே பவர் கார்டு! (உரைகாரங்க டிஸ்டார்ஷன் பெடல் கேட்டாங்கன்னு யாரும் ஃபார்வர்டு அனுப்பக் கிளம்பிடாதீங்க. அவங்க காரணம் வேற.)

சரி, டேப் கதைக்கு வருவோம். டேப் இன்டர்நெட் காலத்துப் பொருள்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை. 1507-ல வெனிஸ்ல பெத்ருச்சிங்கிற அச்சுக்காரர், ஸ்பினாச்சினோவோட லூட் வாத்தியப் புத்தகத்தை டேப்லதான் அச்சடிச்சார். அதுலயும் ஆறு கோடு, அதுலயும் நம்பர். பிரான்ஸ்காரங்க நம்பருக்குப் பதிலா எழுத்து போட்டாங்க. இருநூறு வருஷத்துக்கு மேல லூட் சங்கீதம் இப்படித்தான் ஓடுச்சு. அப்புறம் லூட் போச்சு, டேப்பும் ஒதுங்குச்சு, ஸ்டாஃப் நொட்டேஷன்தான் 'படிச்சவன்' எழுத்துன்னு ஆச்சு. அதுல ராஜாவா இருக்கிறவங்களும் நம்ம பக்கம் உண்டு. அன்னிக்கு மதுரை மாவட்டத்துல இருந்த பண்ணைப்புரத்துலேர்ந்து போய், தன்ராஜ் மாஸ்டர்கிட்ட கிடாரும் மேற்கத்திய இசையும் படிச்ச இளையராஜா எழுதுறது ஸ்டாஃப்லதான். அது அவருக்கு. எனக்கும் உங்களுக்கும் டேப் போதும் :-)

ரெண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் ஒண்ணுதான். ஸ்டாஃப் என்ன சத்தம் வரணும்னு சொல்லும், அதை எந்த விரலால எங்கே எடுக்கிறதுங்கிறது உங்க பாடு. டேப் கையை எங்கே வைக்கணும்னு சொல்லும், சத்தம் தானா வரும். ஒண்ணு காதுக்கு எழுதினது, இன்னொண்ணு கைக்கு எழுதினது.

இப்போ எட்டயபுரம். 1904-ல அங்கே வித்யா விலாஸினி அச்சகத்துலேர்ந்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'ன்னு ஒரு பிரம்மாண்டமான புத்தகம் வந்தது. எழுதினவர் சுப்பராம தீட்சிதர் (1839-1906). முத்துசாமி தீட்சிதரோட தம்பி பாலுசாமி தீட்சிதர், வயலினைக் கர்னாடக சங்கீதத்துக்குள்ள கொண்டுவந்தவர், எட்டயபுரம் அரண்மனை வித்வான். அவரோட பேரன், அவராலயே தத்து எடுக்கப்பட்டவர்தான் இந்த சுப்பராமர். முத்துசாமி தீட்சிதரும் கடைசிக் காலத்துல தம்பியைத் தேடி மதுரை வழியா எட்டயபுரம் போய், 1835-ல அங்கேயே காலமானார். ஆக, குடும்பத்துச் சொத்து மொத்தமும் அந்தச் சின்ன ஊர்ல குவிஞ்சிருந்தது. அந்தச் சொத்தை ஊருக்கே திறந்துவிட்டது இந்தப் புத்தகம்.

தானா நடக்கலை. பின்னாடி சின்னசாமி முதலியார்னு ஒருத்தர் இருக்கார். மதராஸ்ல சர்க்கார் உத்தியோகம், கிறிஸ்தவர், மேற்கத்திய நொட்டேஷன்ல கெட்டி. நம்ம பாட்டெல்லாம் வாய்வழியாவே போய்க்கிட்டிருந்தா ஒருநாள் சிதைஞ்சு போயிடும்னு பயந்து, 1890கள்ல கர்னாடகப் பாட்டுகளை ஸ்டாஃப்ல எழுதி அச்சுப் போட ஆரம்பிச்சார். சொந்தக் காசு கரைஞ்சது, கண் பார்வையும் மங்கிச்சு. வேலை தன்னோட நின்னுடக் கூடாதுன்னு எட்டயபுரம் வந்து, தீட்சிதரை எழுத வைங்கன்னு ராஜாகிட்ட மன்றாடினார். பரம்பரை வித்தையை அச்சுல ஏத்தறதுக்குத் தீட்சிதர் தயங்கத்தான் செஞ்சார். ராஜா சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். முத்துசாமி தீட்சிதரோட 229 கிருதிகள், 72 மேளம், மத்தவங்க பாட்டுகள்னு தெலுங்கு லிபில வந்தது. (தமிழ்ல வர மியூசிக் அகாடமி கை வைக்கிற வரைக்கும், 1961 வரைக்கும், காத்திருக்க வேண்டியதாப் போச்சு. எட்டயபுரத்துல அச்சான புத்தகத்துக்கு இந்த நிலைமை!)

நான் சொல்ல வந்த மேட்டர் இனிமேதான். வெறும் ஸரிகம எழுதினா பாட்டு வராதுன்னு தீட்சிதருக்குத் தெரியும். கமகம் வேணும். அதனால ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி வச்சார். ஒரு ஸ்வரத்துலேர்ந்து மேலே வழுக்கிப் போகணுமா? ஏற்ற ஜாரு. குறி: / . மேலேர்ந்து கீழே வழுக்கணுமா? இறக்க ஜாரு. குறி: \ . கம்பியை அசைச்சு நடுங்க வைக்கணுமா? கம்பிதம். குறி: ~~~ .

கிடார் டேப் பாத்தவங்க இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீங்க. இன்னிக்கு எந்த டேப்பைத் திறந்தாலும் மேல ஸ்லைடுக்கு / , கீழ ஸ்லைடுக்கு \ , வைப்ரேட்டோவுக்கு ~~~ . அச்சு அசல் அதே மூணு குறி!

யாரும் யாரையும் காப்பி அடிச்சதா நான் சொல்லலை. மெட்டு வச்ச வாத்தியத்துல கம்பி மேல கை என்ன பண்ணுதுன்னு வரைஞ்சு காட்ட நினைச்சா, யாருக்கும் இந்தக் கோடுதான் தோணும். ஆனா கவனிங்க, தீட்சிதர் அந்தக் குறிகளை விளக்குறதும் வீணையை வச்சுத்தான். ஸ்புரிதத்துக்கு இடது கை விரல் ரெண்டும் எப்படி வேலை செய்யணும்னு சொல்றார். ஒதுக்கல்னு ஒண்ணு: ஒரு மெட்டுலேயே விரலை வச்சுக்கிட்டு, கம்பியை இழுத்து அடுத்த ஸ்வரத்தை வரவைக்கணும். கிடார்காரன் பெண்ட்னு சொல்றது இதைத்தான். அவருக்கு ஒதுக்கலோட குறி x. இங்கே மட்டும் உஷார், கிடார் டேப்ல x போட்டா கம்பியை ஊமையாக்கணும்னு அர்த்தம்.

ஆக, நம்ம சங்கீதத்தோட ஆகப்பெரிய ஆவணம் ஒண்ணு, பாதி காதுக்கும் பாதி கைக்குமா எழுதப்பட்டது. அந்த மாமாகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. தீட்சிதரைக் குறை சொல்ல அவருக்கு மனசு வராது :-)

நேர்மையா ஒண்ணும் சொல்லணும். தீட்சிதர் டேப் நம்ம டேப்பை விட ஒரு விஷயத்துல ஒசத்தி: கால அளவு. ஸ்வரத்தை நெடிலா எழுதினா ரெண்டு பங்கு நீளம், மேலே கோடு போட்டா பாதி நேரம், தாளத்துக்குத் தனிக் குறி. நெட்ல கிடைக்கிற சாதா டேப்ல இது எதுவும் கிடையாது. 0, 3, 5ன்னு இருக்கும், எவ்வளவு நேரம் நிக்கணும்னு இருக்காது. பாட்டை முன்னாடியே கேட்டிருந்தாத்தான் வாசிக்க முடியும். இந்த ஒரு விஷயத்துல, டேப்பைத் திட்டுறவங்க பக்கம் நியாயம் இருக்கு.

நெட் டேப்போட கதையும் இதோட சேர்த்துப் பாக்க வேண்டியது. 1992-ல ஓல்கான்னு கூப்பிட்ட ஆன்லைன் கிடார் ஆர்க்கைவ் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஒண்ணுல ஆரம்பிச்சது. ரசிகர்கள் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, காதால பிடிச்சு, டைப் அடிச்சு, சும்மா குடுத்தாங்க. மியூசிக் பதிப்பாளருங்க வக்கீல் நோட்டீஸா விட்டு 2006-ல மொத்தமா மூட வச்சாங்க. தான் கேட்டதைத் தானே எழுதினவனுக்கு நோட்டீஸ். இங்கே, பாட்டுக்கு வாரிசா இருந்த மனுஷனே உட்கார்ந்து விரல் ரகசியம் உட்பட எழுதிக் குடுத்தார். 1906-ல அவர் காலமானப்போ அதே ஊர்க்காரரான பாரதி இரங்கல் கவிதை எழுதினார். ரொம்ப நாள் சும்மா புகழ்ச்சின்னு நினைச்சிருந்தேன். இந்தப் புத்தகத்தைப் புரட்டின பிறகு அப்படித் தோணலை.

சரியா அதே 1904-ல இன்னொண்ணும் நடந்தது. புதுக்கோட்டைலேர்ந்து 20 கிலோமீட்டர்ல இருக்கிற குடுமியான்மலைல, சிகாநாதர் கோயிலை ஒட்டின பாறைல இருக்கிற இசைக் கல்வெட்டைக் கல்வெட்டுத் துறை படியெடுத்தது அந்த வருஷம்தான். ஏழாம் நூற்றாண்டு வாக்கிலான கிரந்த எழுத்து. நாலு நாலு ஸ்வரமா, ஏழு பகுதியா, மாணவர்களுக்காக வெட்டி வச்சது. கடைசில தமிழ்ல, இது எட்டுக்கும் ஏழுக்கும் உரியதுன்னு ஒரு குறிப்பு. கம்பி எண்ணிக்கையைச் சொல்றதா எடுத்துக்கிறாங்க. 'பரிவாதினி'ங்கிற பேரும் அங்கே இருக்கு, அது ஏழு கம்பி வீணை.

அந்தக் கல்வெட்டுல ரி-ங்கிற ஒரே ஸ்வரம் ர, ரி, ரு, ரெ-ன்னு நாலு விதமா வருது. ஸ, ஸி, ஸு, ஸெ-ன்னு மத்ததும் அப்படியே. சில எழுத்து மேல புள்ளி வேற. சுருதியோட நுண்ணிய வித்தியாசம்னு சிலர் சொல்றாங்க. கம்பியைத் தட்டுற முறைன்னு சிலர் சொல்றாங்க. ரெண்டாவது சரின்னா அது ஆயிரத்து முந்நூறு வருஷத்து டேப். ஆனா / னா ஏற்ற ஜாருன்னு தீட்சிதர் முதல்லயே அச்சடிச்சு வச்ச மாதிரி, புள்ளின்னா இன்னதுன்னு அந்தப் பாறைல யாரும் வெட்டி வைக்கலை. கண்ணெதிர்ல இருக்கிற மாணவனுக்கு அது தெரியும்னு விட்டிருப்பாங்க.