அட்டையில் எழுதிய இனம்

இனப்படுகொலைன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது ஹிட்லரோட விஷவாயு அறைகள்தான். இவ்வளவு பேரைக் கொல்ல பெரிய தொழில்நுட்பம் வேணும்னு நானும் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். ருவாண்டாவைப் பத்திப் படிச்ச பிறகு அந்த எண்ணம் போயிடுச்சு.

1994 ஏப்ரலில் தொடங்கி சுமார் 100 நாளில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டாங்க. பெரும்பாலானவர்கள் டுட்சிகள். பலரைக் கொன்றது வெட்டுக்கத்தி. வெட்டியவர்களில் அக்கம்பக்கத்துக்காரங்களும் இருந்தாங்க.

ஹுட்டு, டுட்சி ரெண்டு பேருக்கும் ஒரே மொழி. அப்போ யார் டுட்சின்னு எப்படித் தெரிஞ்சது? 1930களில் பெல்ஜியக் காலனி அரசு அடையாள அட்டையில் இனத்தையும் எழுதிக் கொடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த முறை தொடர்ந்தது. 1994ல சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைத்தான் கேட்டாங்க.

ஜெர்மனியும் 1938ல யூதர்களின் பாஸ்போர்ட்டில் 'ஜே' முத்திரை குத்தியது. அங்கே நாஜி சினிமா யூதர்களை எலியோடு ஒப்பிட்டுக் காட்டியது. இங்கே வானொலி டுட்சிகளைக் 'கரப்பான்பூச்சி' என்றது.

ஆயுதம் வேற, ஆனா வந்த வழி ஒண்ணுதான். முதலில் பிரிச்சு எழுதினாங்க, அப்புறம் மனுஷங்களே இல்லைன்னு சொன்னாங்க, கடைசியில் கொன்னாங்க. கொலை நடந்துகிட்டு இருக்கும்போதே ஐநா அங்கிருந்த தன் படையைக் குறைத்தது.

அதனால, ஒரு கூட்டத்தையே பூச்சி, புழுன்னு யாராவது பேசினா, சும்மா பேச்சுதானேன்னு என்னால இப்போ விட முடியறதில்லை.