வரைபலகையில் பேனாச் சைகையும் விரல் சைகையும்

வரைபலகை என்பது கணினியில் படம் வரையப் பயன்படும் தட்டையான கருவி. இதன்மேல் பேனாவை இழுத்தால் திரையில் கோடு விழும். வரைபவருக்குக் கோடு மட்டும் போதாது. போட்டதை அழிக்க வேண்டும், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், தாளைத் திருப்ப வேண்டும். இவற்றைப் பேனாவின் அல்லது விரல்களின் குறிப்பிட்ட ஓர் அசைவால் சொல்வது சைகை எனப்படுகிறது. எந்த அசைவு படம், எந்த அசைவு கட்டளை என்று கருவிக்குத் தெரிய வேண்டும். வரைபலகையின் அறுபது ஆண்டு வரலாற்றில் தீராமல் தொடரும் சிக்கல் இதுவே.

பொத்தானும் கிறுக்கலும்

1963இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை உருவாக்கினார். அதில் ஒளிப்பேனாவால் திரையின்மேலேயே வரையலாம். ஒரு கை பேனாவைப் பிடித்திருக்க, மற்றக் கை பொத்தான்களை அழுத்திக் கட்டளையிடும். ஆகவே குழப்பத்துக்கு இடமில்லை. ஆனால் நிமிர்ந்த திரைக்கு நேரே கையைத் தூக்கி வைத்திருப்பது களைப்பூட்டும் வேலை.

அடுத்த ஆண்டு ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த எம். ஆர். டேவிஸ், டாம் எல்லிஸ் இருவரும் மேசைமேல் படுக்கையாக வைக்கும் பலகையை அறிமுகப்படுத்தினர். ஏறத்தாழ 10 அங்குலச் சதுரத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை அது பிரித்தறிந்தது. இப்பலகைக்காக அங்கு எழுதப்பட்ட கிரெயில் என்ற நிரலில் எல்லாவற்றையும் பேனாவே செய்தது. கோணல்மாணலாக ஒரு கட்டம் வரைந்தால் கணினி அதை நேர்செய்து காட்டும். வேண்டாத கட்டத்தின்மேல் கிறுக்கினால் அது மறைந்துவிடும். பிழையைக் கிறுக்கி அடிக்கும் பள்ளிப் பிள்ளைக்கு இதைத் தனியாகக் கற்பிக்கத் தேவையே இல்லை.

அதே 1964இல் வாரன் டெய்டல்மன், பயன்படுத்துபவரே தம் கையெழுத்தின் வடிவங்களைக் கணினிக்குப் பழக்கும் முறையை உருவாக்கினார். தனக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி அண்மைக்காலப் புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பலகையின் வயதை ஒத்தது.

குறுக்கிட்ட உதவிகள்

ஜப்பானில் 1983இல் தொடங்கப்பட்ட வாக்கம் நிறுவனம் மின்கலமும் கம்பியும் இல்லாத பேனாவைப் பரவலாக்கியது. பலகைக்குள் உள்ள கம்பி வலை மின்காந்த அலையை அனுப்பும். பேனாவுக்குள் உள்ள சுருள் அதற்கு ஒத்ததிர்ந்து விடையளிக்கும். இதனால் பேனா பலகையைத் தொடுமுன்பே, சற்று மேலே இருக்கும்போதே, பலகைக்கு அது தெரிந்துவிடும். இச்சிறு வசதி பின்னாளில் பெரிதும் பயன்பட்டது.

1993இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கோர்டன் கர்டன்பாக், குறிப்புப் பட்டியல் என்ற முறையைத் தம் ஆய்வேட்டில் விளக்கினார். புதியவர் பேனாவை அழுத்திக் காத்திருந்தால் வட்டமாகப் பட்டியல் விரியும். பழகியவர் காத்திருக்காமல் அந்தத் திசையில் ஒரு கோடு இழுத்தால் போதும். பார்த்துச் செய்வதே பழகிப் பழகி மனப்பாடமாகிவிடுகிறது. பாடம் புகட்டும் முறை என்ற வகையிலும் இது மிகச் சிறந்தது.

எல்லா முயற்சியும் இப்படி அமையவில்லை. 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவில் பேனாவை எட்டுத் திசைகளில் வெடுக்கென்று இழுத்துக் கட்டளையிடலாம். எத்திசைக்கு எந்தக் கட்டளை என்பதையும் மாற்றலாம். பேனாவை அழுத்திப் பிடித்தால் வலப்பக்கப் பொத்தானின் வேலை நடக்கும். கடிதம் படிப்பவருக்கு இவை உதவி. ஓவியரின் நிலை வேறு. நிழல் தீட்ட வேகமாக இழுக்கும் கோடும், மெல்லத் தொடங்கும் கோடும் அவருடைய தொழிலின் உயிர். கோடு விழவேண்டிய இடத்தில் ஒரு வளையம் தோன்றி நின்றால் கை தடுமாறும். எனவே இவ்வசதிகளை நிறுத்திவைப்பதே பல ஓவியர்களுக்கு முதல் வேலையாயிற்று.

விரல்கள் வந்த பிறகு

டெலவேர் பல்கலைக்கழக மாணவர் வெயின் வெஸ்டர்மன் ஓயாத தட்டச்சால் கைவலிக்கு ஆளானார். அழுத்தாமல், தொட்டாலே இயங்கும் பரப்பு ஒன்றை அவரும் பேராசிரியர் ஜான் எலியாசும் உருவாக்கி, 1998இல் ஃபிங்கர்ஒர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். பல விரல் சைகைகளை அதில் அவரவர் விருப்பப்படி அமைத்துக்கொள்ள முடிந்தது. 2005இல் ஆப்பிள் அதை வாங்கியதும் அப்பலகைகளின் விற்பனை நின்றது. கைவலிக்காக அவற்றையே நம்பியிருந்தவர்களுக்கு அது இழப்பு. 2007இல் ஐஃபோன் வந்தபோது இரு விரல்களை விரித்துப் பெரிதாக்குவது உலகெங்கும் பழக்கமாயிற்று.

2009இல் வாக்கத்தின் பேம்பூ பலகைகளில் பேனாவும் விரலும் ஒன்றாக இடம்பெற்றன. உடனே பழைய சிக்கல் புது வடிவில் திரும்பியது: வரையும்போது பலகையில் படியும் உள்ளங்கையைச் சைகை என்று கருவி எண்ணக்கூடாது. பேனா அருகில் இருப்பது முன்னரே தெரிவதால், அது விலகும்வரை தொடுதலைப் புறக்கணிப்பது ஒரு தீர்வு. அதுவும் முழுத் தீர்வாகவில்லை. 2017இல் வெளிவந்த இன்டூவோஸ் புரோ பலகையின் ஓரத்தில், தொடுதலை அறவே நிறுத்த ஒரு தள்ளு சுவிட்சே வைக்கப்பட்டது. அமைப்புப் பக்கத்தில் மூன்று, நான்கு, ஐந்து விரல் சைகைகளுக்கு வேண்டிய கட்டளைகளை ஒதுக்கலாம். பேனாவின் பக்கவாட்டுப் பொத்தான்களையும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியே அமைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதுவும் கையில் நிற்காது. அடிக்கடி தேவைப்படும் ஒன்றிரண்டை மாற்றிப் பழகுவதே பயன் தரும்.

ஐபேடில் இயங்கும் புரோகிரியேட் செயலியை ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலுள்ள ஒரு நிறுவனம் உருவாக்கியது. அதில் இரு விரலால் தட்டினால் கடைசிக் கோடு நீங்கும்; மூன்று விரலால் தட்டினால் திரும்ப வரும். மூன்று விரல்களால் இருபுறமும் தேய்த்தால் அந்த அடுக்கு முழுவதும் அழியும். கிரெயில் நிரலின் கிறுக்கல் இங்கே விரலுக்கு மாறியிருக்கிறது. விரலால் வரைவதை நிறுத்தி, விரல் சைகைக்கு மட்டும், பேனா வரைவதற்கு மட்டும் என்று பிரித்துக்கொள்ளவும் முடியும். ஒரே சைகையை இரண்டு வேலைகளுக்கு ஒதுக்கிவிட்டால் அமைப்புப் பட்டியலில் எச்சரிக்கைக் குறி தோன்றும். எதை வைத்துக்கொள்வது என்பதை வரைபவரே முடிவு செய்ய வேண்டும்.