பழைய பெயர், புதிய கைகள்

ஒரு இசைக்குழு கலைந்து போகிறது. பதிமூன்று வருடம் கழித்து பழையவர்களில் சிலர் மட்டும், புது ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, அதே பெயரில் மேடை ஏறுகிறார்கள். இது பழைய குழுவா, புதுக் குழுவா?

மும்பையைச் சேர்ந்த இண்டஸ் கிரீட் குழுவின் கதை இதுதான். 1984-ல் 'ராக் மெஷின்' என்ற பெயரில் ஆரம்பித்த குழு அது. மேல்நாட்டுப் பாடல்களை அப்படியே வாசித்துக் காட்டினால்தான் கல்லூரி விழாக்களில் கைதட்டல் கிடைத்த காலம். இவர்களோ சொந்தப் பாடல்களை வைத்து 1988-ல் 'ராக் அண்ட் ரோல் ரெனகேட்', 1990-ல் 'தி செகண்ட் கமிங்' என்று இரண்டு ஆல்பம் போட்டார்கள். 1993-ல் பெயரை இண்டஸ் கிரீட் என்று மாற்றினார்கள். அதே வருடம் 'பிரெட்டி சைல்ட்' பாடலுக்கு எம்.டி.வி.யின் ஆசிய நேயர் விருது கிடைத்தது. 1995-ல் இன்னொரு ஆல்பம். 1997-ல் குழு கலைந்தது. இந்தி பாப் அலை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆங்கில ராக் பாடலுக்கு இங்கே சந்தை சிறியதாகவே இருந்தது. பாடகர் உதய் பெனகல் பிறகு நியூயார்க் போய் வேறு குழு நடத்தினார்.

2010-ல் மீண்டும் கூடியபோது பழையவர்கள் மூன்று பேர்தான். உதய் பெனகல், கிடார் மகேஷ் டினாய்கர், கீபோர்டு ஜுபின் பலபோரியா. பேஸ் கிடாரில் மார்க் செல்வின் இருந்த இடத்துக்கு ருஷாத் மிஸ்திரி வந்தார். டிரம்ஸில் மார்க் மெனேசஸ் இடத்துக்கு ஜெய் ராவ் கவி. ராக் இசையில் பாட்டைத் தாங்கும் அஸ்திவாரமே இந்த இரண்டும்தான். ஆக, பெயர்ப்பலகை பழசு, அஸ்திவாரம் புதுசு!

இந்த இடத்தில் வணிகவியல் பாடம் கை கொடுக்கும். கூட்டாண்மை நிறுவனத்தில் புதுக் கூட்டாளி சேரும்போது 'நற்பெயர்' என்ற ஒன்றை மதிப்பிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதற்கு விலை உண்டு. பழைய கூட்டாளிகள் தங்கள் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். அதற்குப் பெயரே 'தியாக விகிதம்'. இசைக்குழுவிலும் கணக்கு இதேதான். ரசிகன் டிக்கெட் வாங்குவது பழைய பெயரை நம்பி. புதிதாக வந்தவர் அந்தப் பெயருக்கு என்ன கொண்டுவந்தார், பழையவர்கள் அவருக்கு எவ்வளவு இடம் விட்டார்கள் என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தின் லெட் செப்பலின் இதற்கு வேறு விடை சொன்னது. 1980 செப்டம்பரில் டிரம்மர் ஜான் பானம் இறந்தார். டிசம்பரில் குழுவையே முடித்துக்கொண்டார்கள். 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் ஒரே ஒரு முழுக் கச்சேரி. டிரம்ஸில் ஜானின் மகன் ஜேசன். கச்சேரி பெரிய வெற்றி. ஆனால் அதற்குப் பிறகு புது ஆல்பமும் இல்லை, சுற்றுப்பயணமும் இல்லை. இருந்த நற்பெயரை ஒரு நாள் எடுத்துக் காட்டிவிட்டுப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

இண்டஸ் கிரீட் அப்படிச் செய்யவில்லை. 2012-ல் 'இவால்வ்' என்று புது ஆல்பமே கொண்டுவந்தார்கள். பழைய பாடலை வாசிக்கும்வரை புதியவர் யாரோ ஒருவரின் இடத்தை நிரப்புகிறவர்தான். புதுப் பாடல் உருவாகும்போதுதான் அவர் கூட்டாளி ஆகிறார்.

இது தமிழ்நாட்டுக்குப் புதிய விஷயம் அல்ல. கர்நாடகக் கச்சேரி மேடைக்குக் கஞ்சிராவைக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அந்த வழியில் வந்தவர் அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. அடுத்த தலைமுறையில் பழனி சுப்பிரமணிய பிள்ளை. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். வலந்தலையை இடது கையால் வாசித்தார். கை மாறியது, புதுக்கோட்டை பாணி நின்றுவிடவில்லை. முன்னவரைப் போலவே வாசிக்கவேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால் தமிழ் இசைக்குத்தான் நஷ்டம்.

ஆக, மறுபடி கூடும் குழுவைப் பார்த்து "இதில் பழைய ஆள் எத்தனை பேர்?" என்று எண்ணுவது பாதிக் கேள்விதான். "புது ஆள் வந்த பிறகு புதிதாக என்ன செய்தார்கள்?" என்பது மீதிக் கேள்வி. நற்பெயர் என்பது செலவழிக்கச் செலவழிக்கக் கரையும் சொத்து. புது வரவு இல்லாமல் அதை எத்தனை நாள் எடுத்துச் சாப்பிட முடியும்?