பலாலியும் இரத்மலானையும்: தூரம் ஒன்று, நேரம் பல

வடக்கே பலாலி விமான நிலையத்திற்கும் தெற்கே இரத்மலானை விமான நிலையத்திற்கும் இடைப்பட்ட நேர்கோட்டு வான்வழித் தூரம் ஏறத்தாழ 330 கிலோமீற்றராகும். விமானிகளின் அளவையில் இது 178 கடல் மைல். அந்த நேர்கோடு வில்பத்துக் காட்டிற்கும் மன்னார் பெருநிலப்பரப்பிற்கும் மேலாகச் செல்கின்றது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்திற்குத் தரைவழியே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணிக்க வேண்டும்.

பறப்பு நேரத்தைத் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் ஏ.ரி.ஆர். 72 ரக விமானம் இத்தூரத்தை 40 நிமிடங்களில் கடக்கக்கூடும். எனினும் மேலெழவும், வேகத்தைத் தணித்து இறங்கவும் மேலும் 10 முதல் 15 நிமிடங்கள் தேவைப்படும். 340 கிலோமீற்றர் வேகமுடைய செஸ்னா கரவன் போன்ற சிறு விமானத்திற்கு ஒரு மணித்தியாலத்திற்குச் சற்றுக் கூடுதலாகும். எதிர்க்காற்று வலுத்தால் இந்நேரம் இன்னும் நீளும்.

பலாலியிலிருந்து சென்னைக்கான வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளிக்கோ 185 கிலோமீற்றருக்கும் குறைவு. அதாவது குடாநாட்டு மக்களுக்குத் திருச்சி, தமது நாட்டின் தலைநகரைக் காட்டிலும் வான்வழியில் அண்மையிலுள்ளது.

இந்த வழித்தடம் புதியதன்று. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குச் சென்றது. பின்னர் போர் இத்தடத்தின் பொருளையே மாற்றிவிட்டது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது, நோயாளரும் மாணவரும் வர்த்தகரும் கப்பலையோ விமானத்தையோ நம்பியிருக்க நேர்ந்தது. ஒரு மணி நேரப் பறப்பிற்காக அனுமதி பெறுவதிலும் சோதனைச் சாவடிகளிலும் கழிந்த நேரம் எந்த அட்டவணையிலும் இடம்பெறவில்லை. அதற்கு முன்னர், 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட அன்டனோவ் 24 ரகப் பயணிகள் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் உயிரிழந்தனர். அவர்களுக்கு அந்த 330 கிலோமீற்றர் முடிவுறாத பயணமாயிற்று.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் சென்னைக்கான சேவை தொடங்கியது. கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் தடைப்பட்டு, 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமானது.

பயணியொருவர் கணக்கிடுவது விமானம் வானிலிருக்கும் நேரத்தை மட்டுமன்று. தமது வீட்டு வாசலிலிருந்து சேருமிடம் வரையிலான முழு நேரத்தையுமே. யாழ் நகரிலிருந்து பலாலிக்குச் செல்லும் நேரம், நிலையத்தில் காத்திருக்கும் நேரம், இரத்மலானையிலிருந்து கொழும்பு நகருக்குள் நெரிசலில் ஊர்ந்து செல்லும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்தால் 55 நிமிடப் பறப்பு, நான்கு மணித்தியாலப் பயணமாகிவிடக்கூடும். ஆகவே உள்நாட்டு விமான சேவையைத் திட்டமிடுவோர் வேகமான விமானத்தைத் தேடுவதற்கு முன்னர், ஒழுங்கான நேர அட்டவணை, சாதாரண மக்களுக்குக் கட்டுப்படியாகும் கட்டணம், நிலையங்களுடன் இணைந்த பஸ் சேவை ஆகியவற்றை உறுதிப்படுத்த வேண்டும். அவை இல்லாதவிடத்து, இவ்விரு நிலையங்களும் வரைபடத்தில் மட்டுமே அண்மையில் இருக்கும்.